எட்டடிச் சக்கரம்

பிரிட்டனின் தேசிய ரயில் அருங்காட்சியகச் சேகரிப்பில் இளம்பச்சை நிற நீராவி எஞ்சின் ஒன்று இருக்கிறது. அதன் எண் 1. 1870ஆம் ஆண்டு டான்காஸ்டர் நகரின் பணிமனையில் பிறந்தது. பக்கத்தில் போய் நிற்பவரின் கண்ணை முதலில் இழுப்பது கொதிகலனும் அல்ல, புகைபோக்கியும் அல்ல. நடுவில் நிற்கும் சக்கரம். அதன் விட்டம் 8 அடி 1 அங்குலம், ஏறத்தாழ இரண்டரை மீட்டர். ஆறடி உயரமுள்ளவர் கையை முழுக்க உயர்த்தினாலும் அதன் உச்சி எட்டாது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இந்த ஒரே ஒரு ஜோடிதான் வண்டியை இழுத்தது. முன்னால் உள்ள நான்கு சிறு சக்கரங்களும் பின்னால் உள்ள இரண்டும் பாரத்தைத் தாங்குவதற்கும் வழிகாட்டுவதற்கும் மட்டுமே.

இதே அமைப்பில் 1870க்கும் 1895க்கும் இடையே 53 எஞ்சின்கள் கட்டப்பட்டன. லண்டனிலிருந்து வடக்கே யார்க் நோக்கிச் செல்லும் கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் விரைவு வண்டிகளை அவை கால் நூற்றாண்டு இழுத்தன. வடிவமைத்தவர் பேட்ரிக் ஸ்டர்லிங். அதனால் ‘ஸ்டர்லிங் சிங்கிள்’ என்பது அவற்றின் பெயராகிவிட்டது. விக்டோரியா காலத்து எஞ்சின்களில் இவ்வளவு அழகானது வேறில்லை என்று சொல்பவர்கள் பலர். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. சக்கரம் ஏன் அவ்வளவு பெரியது, ஏன் ஒரே ஒரு ஜோடி, பிறகு ஏன் அந்த வகையே மறைந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தக் கணக்கிலேயே விடை கிடைக்கிறது.

மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் வண்டி நொடிக்கு 88 அடி நகர்கிறது. ஐந்தடிச் சக்கரத்தின் சுற்றளவு பதினாறு அடிக்கும் சற்றுக் குறைவு. அந்த வேகத்துக்கு அது நிமிடத்துக்கு 330 தடவைக்கு மேல் சுழல வேண்டும். ஸ்டர்லிங்கின் சக்கரமோ ஒரு சுற்றிலேயே 25 அடியைக் கடந்துவிடும். அதே வேகத்துக்கு அது 208 தடவை சுழன்றால் போதும். நீராவி எஞ்சினில் பல்சக்கரப் பெட்டி கிடையாது. பிஸ்டன் ஒருமுறை முன்னும் பின்னும் போய் வந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். சக்கரம் 330 தடவை சுழன்றால் பிஸ்டனும் 330 தடவை போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் கனமான இரும்புத் தொகுதி ஓர் ஓரத்தில் நின்று, திசை மாறி, மீண்டும் வேகம் பிடிக்க வேண்டும்.

இங்கேதான் அந்தக் காலத்தின் எல்லைகள் குறுக்கிட்டன. சிலிண்டருக்குள் போட்ட மசகு பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு. வெப்பத்தையும் வேகத்தையும் தாங்கும் கனிம எண்ணெய்கள் பரவலாக வந்துசேரவில்லை. நீராவியை உள்ளே விட்டு வெளியேற்றும் வால்வுகளின் வழிகள் குறுகலானவை. பிஸ்டன் மிக வேகமாக ஓடினால் புதிய நீராவி நிறைவதற்கும் பழையது வெளியேறுவதற்கும் நேரம் போதாது. எஞ்சின் தன் மூச்சிலேயே திணறும். சுழலும் பாகங்களின் மையவிலக்கு விசை வேறு, சுழற்சி வேகத்தின் இருமடியாக ஏறும். சுழற்சியை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் தண்டவாளத்தின் மேல் விழும் அந்தக் குத்து பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆக, பெரிய சக்கரம் என்பது பல்சக்கரம் இல்லாத இயந்திரத்தில் ‘டாப் கியர்’ செய்த வேலையைச் செய்தது. வேகத்தைக் கூட்ட வேண்டுமா, சக்கரத்தைப் பெரிதாக்கு. 1840களின் பொறியாளர்களிடம் இருந்த நேரடியான தீர்வு அதுதான்.

அந்தத் தீர்வை எதுவரைக்கும் இழுக்கலாம் என்று பார்த்தவர்களும் உண்டு. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்காக 1838ல் வந்த ‘ஹரிக்கேன்’ எஞ்சினின் சக்கரம் பத்தடி. அது வெற்றி பெறவில்லை. அதே ரயில்வேயின் ஏழடி அகலப் பாதையில் டேனியல் கூச் 1847 முதல் ஓடவிட்ட ‘அயர்ன் டியூக்’ வகை எட்டடிச் சக்கரங்களோடு நன்றாகவே ஓடியது. பிரிஸ்டல்–எக்ஸிடர் ரயில்வேக்காக ஜேம்ஸ் பியர்சன் வடிவமைத்தவற்றில் ஒன்பதடிச் சக்கரம். 1854ல் அவற்றில் ஒன்று இறக்கமான பாதையில் மணிக்கு 80 மைலைத் தாண்டியது.

அகலப் பாதையில் இடம் தாராளம். குறுகிய பாதையில்தான் சிக்கல். சக்கரம் பெரிதானால் அதன் அச்சு மேலே போகும். அச்சுக்கு மேல் கொதிகலன் உட்கார வேண்டும் என்றால் அது இன்னும் உயரும். கொதிகலன் உயர்ந்தால் எஞ்சின் கவிழ்ந்துவிடும் என்ற அச்சம் அன்று எல்லோரிடமும் இருந்தது. தாமஸ் கிராம்டன் இயக்குசக்கரத்தைக் கொதிகலனுக்குப் பின்னால் தள்ளிப் பார்த்தார். பிரான்ஸில் அது நன்றாக எடுபட்டது. முதல் நீராவி ரயில் எஞ்சின் கட்டிய ரிச்சர்ட் ட்ரெவிதிக்கின் மகன் பிரான்சிஸ் இன்னும் துணிந்தார். 1847ல் அவர் கட்டிய ‘கார்ன்வால்’ எஞ்சினில் சக்கரம் எட்டரை அடி; கொதிகலனை அச்சுக்குக் கீழே தொங்கவிட்டார். ஏறத்தாழ பத்தாண்டுகளில் அதைப் பிரித்து, கொதிகலனை வழக்கமான இடத்தில் வைத்து மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. அப்படி மேலே ஏற்றிய பிறகு அது கவிழவில்லை, தள்ளாடவும் இல்லை, பல்லாண்டு ஓடியது. கொதிகலனின் உயரத்தைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் வீண் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அச்சம் பொறியாளர்களை விட்டு விலக இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

பேட்ரிக் ஸ்டர்லிங் 1820ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். தந்தை ராபர்ட் ஸ்டர்லிங் ஒரு பாதிரியார். சூடான காற்றால் இயங்கும் ஸ்டர்லிங் எஞ்சினுக்கு 1816ல் காப்புரிமை வாங்கியவர் அவர்தான். தம்பி ஜேம்ஸும் மகன் மேத்யூவும் ரயில் எஞ்சின் பொறியாளர்களே. இந்தக் குடும்பத்துக்கு வெப்பமும் விசையும் வீட்டுப் பேச்சாகவே இருந்திருக்கும். கிளாஸ்கோ வட்டாரத்து ரயில்வே ஒன்றில் பதின்மூன்று ஆண்டு பணியாற்றிய பிறகு 1866ல் கிரேட் நார்தர்ன் ரயில்வேயின் எஞ்சின் பொறுப்பை ஏற்றார். 1895ல் இறக்கும்வரை அதே நாற்காலியில்தான் இருந்தார்.

அவர் கையில் கிடைத்த பாதை நல்ல பாதை. லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து பீட்டர்பரோ, கிரந்தம், டான்காஸ்டர் வழியாக யார்க் வரை பெரிய மலை எதுவும் இல்லை. ஏற்றம் பெரும்பாலும் 200 அடிக்கு ஓர் அடிதான். ஓடிக்கொண்டே இருக்கும் எஞ்சினுக்கு ஏற்ற நிலம். ஏழடிச் சக்கரம் கொண்ட ஒற்றை இயக்க எஞ்சின்களை முதலில் கட்டினார். சிலிண்டர்கள் சட்டத்துக்கு உள்ளே இருந்தன. உள் சிலிண்டர் என்றால் அச்சையே வளைத்துக் கைப்பிடி போல மடக்கிச் செய்ய வேண்டும். அந்த மடக்கு அச்சுகள் அன்றைய இரும்பில் விரிசல் விட்டு உடைவது வழக்கம். எட்டடிக்குப் போக முடிவு செய்தபோது ஸ்டர்லிங் சிலிண்டர்களை வெளியே கொண்டுவந்தார். அச்சு நேரானது, செய்வதும் எளிது, உடையும் அபாயமும் குறைவு. அச்சில் மடக்கு இல்லாததால் அதன் மேல் கொதிகலனைத் தாழ்வாகவே உட்கார வைக்க முடிந்தது. 18 அங்குல விட்டமும் 28 அங்குல ஓட்டமும் கொண்ட அந்தக் கனத்த சிலிண்டர்கள் முன்புறத்தை அழுத்தியதால், அங்கே வளைவுக்குத் தக்கபடி திரும்பும் நான்கு சக்கரச் சட்டம் ஒன்று தேவைப்பட்டது.

கொதிகலனையும் கவனிக்க வேண்டும். நீராவி சேரும் குமிழ்போன்ற மாடத்தைக் கொதிகலனின் முதுகில் வைப்பது பொதுவான வழக்கம். ஸ்டர்லிங் அதை ஒதுக்கினார். உள்ளே மேல்பகுதியில் நீளமாகத் துளையிட்ட குழாய் ஒன்றை ஓடவிட்டு நீராவியைச் சேகரித்தார். மாடத்துக்காகத் தகட்டை வெட்டுவது கொதிகலனைப் பலவீனமாக்கும் என்பது அவர் கருத்து. புகைபோக்கியிலிருந்து ஓட்டுநர் அறைவரை தடையின்றி நேராக ஓடும் கோடு, நடுவில் பளபளக்கும் பித்தளை வால்வு உறை, கீழே அந்தப் பெருஞ்சக்கரம். வேலைக்கு வேண்டாததை நீக்கியதால் வந்த அழகு இது.

அடுத்த கேள்வி, ஏன் ஒரே ஜோடி என்பது. இரண்டு ஜோடிச் சக்கரங்களைத் தண்டால் பிணைத்து இரண்டையும் இழுக்க வைக்கும் எஞ்சின்கள் அப்போதே ஏராளம். ஸ்டர்லிங்கும் மற்ற வேலைகளுக்கு அவற்றைக் கட்டினார். விரைவு வண்டிக்கு மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை. கால்சட்டை அவிழ்ந்து காலில் சிக்கிக்கொண்ட பையன் ஓடுவதுபோல அவை ஓடும் என்று அவர் சொன்னதாக ரயில் உலகில் ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மையும் இருந்தது. பிணைத்த சக்கரங்கள் நான்கும் துல்லியமாக ஒரே விட்டம் இருக்க வேண்டும். சக்கரத்தின் எஃகு வளையம் சமமின்றித் தேய்ந்தால் ஒரு ஜோடி மற்றதை இழுத்துக்கொண்டே போகும். சக்தி உராய்விலேயே வீணாகும். அதிவேகத்தில் மேலும் கீழும் சுழலும் அந்தப் பிணைப்புத் தண்டு உடைந்தால் பெரும் ஆபத்து. ஒற்றை ஜோடியில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அது தண்ணீரில் வழுக்குவதுபோல ஓடியது.

ஒற்றை இயக்க எஞ்சினைப் பார்க்க இங்கிலாந்துவரை போக வேண்டும் என்பதில்லை. 1855ல் கட்டப்பட்டுக் கிழக்கிந்திய ரயில்வேயில் ஓடிய ‘இ.ஐ.ஆர். 21’ எஞ்சினும் அந்த அமைப்புதான். பெரம்பூர் லோகோ பணிமனை அதை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, 2010 முதல் சென்னையில் பாரம்பரிய ஓட்டங்களில் ஓடவிட்டிருக்கிறது. ஸ்டர்லிங்கின் எஞ்சினைவிட மிகச் சிறியது. ஆனால் நடுவில் ஒரே ஒரு பெரிய ஜோடி தனித்து வேலை செய்வதை அதில் தெளிவாகக் காணலாம்.

இனி அந்த வடிவத்தின் பலவீனம். எஞ்சின் எவ்வளவு சக்தி உள்ளதாக இருந்தாலும், அது இழுக்கும் விசை முழுவதும் சக்கரமும் தண்டவாளமும் தொட்டுக்கொள்ளும் இடம் வழியாகத்தான் போயாக வேண்டும். ஒரு சக்கரத்துக்கு அந்த இடம் சிறு நாணயம் அளவே. எஃகும் எஃகும் உராயும்போது கிடைக்கும் பிடிமானம், சக்கரத்தை அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது. உலர்ந்த, சுத்தமான தண்டவாளத்தில் பாரத்தின் கால் பங்கு கிடைக்கும். எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் கலந்திருந்தால் பத்தில் ஒரு பங்குதான். அடைமழையைவிடத் தூறல் மோசம் என்பது ஓட்டுநர்கள் அனுபவத்தில் அறிந்தது. அடைமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறலும் பனியும் அழுக்கைக் குழைத்துப் பூசிவிடும்.

முதல் எஞ்சினின் எடை 38 டன்னுக்குச் சற்று அதிகம். அதில் இயக்குசக்கரங்கள் மேல் விழுந்தது ஏறத்தாழ 15 டன். கால் பங்கு என்றால் பிடிமானம் 3¾ டன். பிசுபிசுத்த காலையில் அது ஒன்றரை டன்னாகச் சுருங்கும். ஆனால் சிலிண்டர்களோ, முழு நீராவி அழுத்தத்தில் கிளம்பும்போது ஏறத்தாழ ஐந்து டன் விசையைச் சக்கரத்துக்குக் கொடுக்கக்கூடியவை. தண்டவாளம் ஏற்றுக்கொள்ளக்கூடியதைவிட எஞ்சினுக்கு வலு அதிகம். ஓட்டுநர் நீராவியை விடும் ரெகுலேட்டரைச் சற்று அவசரமாகத் திறந்தால் போதும், எட்டடிச் சக்கரம் நின்ற இடத்திலேயே சீறிச் சுழலும். ஒருமுறை வழுக்கத் தொடங்கிவிட்டால் பிடிமானம் இன்னும் குறையும் என்பது உராய்வின் இயல்பு. உடனே நீராவியை மூடி, சக்கரம் அடங்கும்வரை பொறுத்து, மீண்டும் நூலிழை அளவாகத் திறக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தடவையும் ஓட்டுநரின் கைப்பக்குவத்துக்குத் தேர்வுதான். வேகம் பிடித்துவிட்டால் கதை வேறு. சமதளத்தில் ஓட்டத்தைத் தக்கவைக்கச் சிறிய விசையே போதும். அங்கே இந்த எஞ்சினுக்கு நிகர் இல்லை.

பிடிமானம் போதாத இடத்தில் மணல் போடுவது பழைய வழி. பெட்டியிலிருந்து குழாய் வழியாகத் தானே விழும் மணலில் பாதி, காற்றில் பறந்துவிடும் அல்லது சக்கரத்துக்குப் பக்கத்தில் சிந்திவிடும். 1886ல் மிட்லண்ட் ரயில்வேயின் டார்பி பணிமனை மேலாளர் பிரான்சிஸ் ஹோல்ட் இதற்கு ஒரு வழி கண்டார். முதலில் பிரேக்குக்கான அழுத்தக் காற்றைக்கொண்டு மணலை ஊதிப் பார்த்தார். பிறகு நீராவியைப் பயன்படுத்தினார். ஊசிமுனைத் தாரையாக வரும் நீராவி, நன்றாகக் காயவைத்த நுண்மணலை இழுத்துச் சென்று சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் மூலையிலேயே துல்லியமாகத் திணித்தது. செலவாகும் மணல் குறைந்தது, பிடிமானம் கூடியது. பார்க்கப்போனால் ஒரு சிறு குழாய்த் துண்டுதான். ஆனால் முடிந்துபோனது என்று கருதப்பட்ட ஒற்றை இயக்க எஞ்சின் வகைக்கு அது மறுவாழ்வு கொடுத்தது. மிட்லண்ட் ரயில்வேயில் சாமுவேல் ஜான்சன் 1887 முதல் 1900 வரை 95 ஒற்றை இயக்க எஞ்சின்களைக் கட்டினார். அவற்றில் ஒன்று 1900 பாரிஸ் கண்காட்சியில் உயரிய பரிசு வாங்கியது.

ஸ்டர்லிங்கின் எஞ்சின்கள் உலகப் புகழ் அடைந்தது ஒரு போட்டியால். லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரு வழிகள்: கிழக்குக் கரை வழி, மேற்குக் கரை வழி. இரு பக்கமும் வெவ்வேறு கம்பெனிகள். 1887 நவம்பரில் கிழக்குக் கரை விரைவு வண்டியில் மூன்றாம் வகுப்புப் பயணிகளையும் ஏற்றத் தொடங்கியதும் போட்டி சூடுபிடித்தது. 1888 ஆகஸ்ட் முடிவில் எடின்பரோ பயணம் ஏறத்தாழ ஏழரை மணி நேரமாகக் குறைந்தது. ஃபோர்த் பாலம் 1890ல் திறந்ததும் பந்தயம் அபர்தீன்வரை நீண்டது. இரு பாதைகளும் மான்ட்ரோஸ் அருகே கின்னேபர் சந்திப்பில் ஒன்று சேர்கின்றன. அங்கிருந்து அபர்தீனுக்கு ஒரே பாதை. சந்திப்புக்கு முதலில் வந்த வண்டிக்கே வழி.

1895 ஆகஸ்ட் 21ஆம் தேதி இரவு. ஸ்டர்லிங்கின் 668ஆம் எஞ்சின் கிங்ஸ் கிராஸிலிருந்து கிரந்தம்வரை 105½ மைலை ஒரு மணி 41 நிமிடத்தில் ஓடியது. அங்கே 775ஆம் எஞ்சின் மாட்டப்பட்டு, யார்க் வரையிலான 82 மைலை ஒரு மணி 16 நிமிடத்தில் முடித்தது. சராசரி மணிக்கு 64 மைலுக்கு மேல். வண்டி 523 மைல் கடந்து அபர்தீனை 8 மணி 40 நிமிடத்தில் அடைந்தது. மறுநாள் இரவு மேற்குக் கரை அணி, தன் நீண்ட பாதையிலும் 8 மணி 32 நிமிடத்தில் போய் வென்றது. அந்த ஓட்டத்தில் குரூவிலிருந்து கார்லைல் வரை மலையேற்றம் கொண்ட 141 மைலை 126 நிமிடத்தில் கடந்த ‘ஹார்ட்விக்’, ஏழடிக்கும் குறைந்த நான்கு பிணைப்புச் சக்கரங்கள் கொண்ட எஞ்சின். எண்ணெய், எஃகு, வால்வு எல்லாம் முன்னேறிவிட்ட நிலையில் சிறிய சக்கரமும் வேகமாகச் சுழன்று சமாளிக்கும் என்பது அன்றிரவு தெளிவாகிவிட்டது. ஸ்டர்லிங் சிங்கிளின் முடிவை அந்த ஓட்டத்திலேயே படிக்கலாம்.

ஆனால் அதை உண்மையில் வீழ்த்தியது வேகம் அல்ல, பாரம். பந்தய வண்டிகளின் எடை ஏறத்தாழ 100 டன்தான். அன்றாட வண்டிகள் அப்படி இல்லை. 1879லேயே கிரேட் நார்தர்ன் பாதையில் உணவுப் பெட்டி ஓடத் தொடங்கியது. 1893ல் பெட்டிக்குப் பெட்டி நடந்துபோகும் வழியும், மூன்றாம் வகுப்புக்கும் சாப்பாட்டு வசதியும் வந்தன. பயணிகளுக்கு இவையெல்லாம் நியாயமான வசதிகள். எஞ்சினுக்கு ஒவ்வொன்றும் கூடுதல் டன். 200க்கு ஒன்று ஏற்றத்தில் 200 டன் வண்டிக்குப் புவியீர்ப்பை வெல்லவே ஒரு டன் இழுவிசை கூடுதலாக வேண்டும். 400 டன்னுக்கு இரண்டு டன். ஒற்றை ஜோடியின் பிடிமானம் அதற்குத் தாங்காது. ஸ்டர்லிங் தன் கடைசி வரிசையில் சிலிண்டரைப் பெரிதாக்கினார், கொதிகலன் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 170 பவுண்டாக ஏற்றினார். எஞ்சினின் எடை 49 டன்னைத் தாண்டியது, இயக்க அச்சின் மேல் 20 டன் நெருங்கியது. இந்த முறை திணறியது தண்டவாளம்.

1895 நவம்பர் 10ஆம் தேதி இரவு, செயின்ட் நியோட்ஸ் அருகே அந்தக் கடைசி வரிசை எஞ்சின் ஒன்று இழுத்துச் சென்ற ஸ்காட்லாந்து விரைவு வண்டி, தண்டவாளம் உடைந்து தடம் புரண்டது. மறுநாள் டான்காஸ்டரில் ஸ்டர்லிங் இறந்தார், வயது 75. நான்கு மாதம் கழித்து லிட்டில் பைதம் அருகே, புதுப்பித்த பாதை சரியாக இறுகாத இடத்தில், அதே வரிசையின் இன்னொரு எஞ்சின் இழுத்த வண்டியும் தடம் புரண்டது. இரண்டிலும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. இரண்டு விபத்துக்கும் நேரடிக் காரணம் பாதையின் குறைபாடே. ஆனால் ஒற்றை அச்சில் எவ்வளவு பாரத்தை ஏற்றலாம் என்ற எல்லையை ஸ்டர்லிங் தொட்டுவிட்டார் என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாரத்தைப் பகிர்ந்துகொள்ள இன்னொரு ஜோடி இல்லை.

அடுத்து வந்த ஹென்றி ஐவாட் அந்த இன்னொரு ஜோடியைச் சேர்த்தார். 1898ல் டான்காஸ்டரில் அவர் கட்டிய 990ஆம் எஞ்சினுக்கு நான்கு பிணைப்புச் சக்கரங்கள்; பிரிட்டனில் ‘அட்லாண்டிக்’ அமைப்பின் முதல் எஞ்சின் அது. இருந்தும் அவர்கூட இலகுவான வண்டிகளுக்காகச் சில ஒற்றை இயக்க எஞ்சின்களைக் கட்டினார். எட்டடி எஞ்சின்கள் படிப்படியாகப் பின்தள்ளப்பட்டன. எண் 1 1907ல் ஓய்வு பெற்றது. அந்த வகையின் கடைசி எஞ்சின் 1916ல் விலகியது. அதே டான்காஸ்டர் பணிமனை பிறகு 1923ல் ‘ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்’ எஞ்சினையும், 1938ல் ‘மல்லார்ட்’ எஞ்சினையும் கட்டியது.

மல்லார்ட் 1938 ஜூலை 3ஆம் தேதி கிரந்தத்துக்குத் தெற்கே ஸ்டோக் இறக்கத்தில் மணிக்கு 126 மைல் ஓடி நீராவி எஞ்சின்களின் உலகச் சாதனையை நாட்டியது. அதன் சக்கரம் 6 அடி 8 அங்குலம். அந்த வேகத்தில் அது நிமிடத்துக்கு ஐந்நூறு தடவைக்கும் மேல் சுழன்றது. 1870ல் எந்தப் பொறியாளரும் நினைத்துப் பார்க்காத எண்ணிக்கை. அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 30 அன்று, எண் 1 அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்தது. அதே ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன் பெயர் கொண்ட புதிய விரைவு வண்டியை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சிக்காகப் பழைய ஆறுசக்கரப் பெட்டிகளை மாட்டிக்கொண்டு கிங்ஸ் கிராஸிலிருந்து ஸ்டீவனேஜ்வரை ஓடியது. அதே ஆண்டில் ரயில் ஆர்வலர் சங்கம் ஒன்று அதை வாடகைக்கு எடுத்து உறுப்பினர்களை ஏற்றிக்கொண்டு பயணம் போனது. 1980களின் தொடக்கத்தில் லஃப்பரோவில் உள்ள கிரேட் சென்ட்ரல் பாரம்பரியப் பாதையில் அதன் கொதிகலனில் மறுபடியும் நெருப்பு மூட்டினார்கள்.